ஓய்வுநாள் யாருக்காக? வீட்டில் அதைக் கடைப்பிடிக்க ஒரு வழிகாட்டி

பல கிறிஸ்தவ வீடுகளில் வாரத்திலேயே அதிக வேலை நடக்கும் நாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலரைக்கு அடுப்பு பற்றும். எட்டரை ஆராதனைக்கு முன் இட்லி, சட்னி. மதியத்துக்குக் கறி வாங்கிவந்து மசாலா தடவி வைக்க வேண்டும். ஆலயத்திலிருந்து வந்த கையோடு பிரியாணிக்கு வெங்காயம் நறுக்க வேண்டும். மூன்று மணிக்குப் பாத்திரம், நாலரைக்கு பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், இரவு பிள்ளைகளின் யூனிபார்ம். மற்ற எல்லோரும் ஓய்ந்திருக்க ஒருவர் மட்டும் நின்றுகொண்டே இருப்பார். அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுநாளைச் சீர்படுத்த நினைக்கிற குடும்பம் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது ஞாயிறை ஓய்வுநாளாக வைத்திருக்கும் வீடுகளை மனதில் கொண்டது. சனிக்கிழமை ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வெந்து சபையார் எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னே தள்ளிக்கொண்டால் போதும். எந்தக் கிழமை சரி என்ற வழக்குக்குள் நாம் போகவில்லை.

முதலில் கட்டளையின் நோக்கம்

யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் சிருஷ்டிப்பு. உபாகமம் 5ஆம் அதிகாரம் சொல்லும் காரணம் வேறு: எகிப்தில் நீ அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள். யாத்திராகமம் 23:12 இன்னும் நேரடியாகச் சொல்கிறது. எருதும் கழுதையும் இளைப்பாற வேண்டும், அடிமைப்பெண்ணின் மகனும் அந்நியனும் இளைப்பாற வேண்டும், அதற்காகவே இந்த நாள். அதாவது, தானாக ஓய்வு எடுத்துக்கொள்ள முடியாதவர்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம் இது. முதலாளிக்கு எந்த நாளிலும் ஓய்வெடுக்க முடியும். வேலைக்காரிக்கு யாராவது சொன்னால்தான் முடியும்.

உபாகமத்துப் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, அந்நியன் என எல்லோரும் வருகிறார்கள். மனைவி மட்டும் தனியாக வரவில்லை. 'நீ' என்ற சொல்லுக்குள் குடும்பத் தலைவனும் தலைவியும் சேர்ந்தே இருக்கிறார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அவருக்கு விடுப்பு இல்லை என்று எந்த வீடும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நடப்பதென்னவோ அதுதான்.

அடுத்து மாற்கு 2. ஓய்வுநாளில் பயிர் வழியே நடந்த இயேசுவின் சீஷர்கள் கதிர்களைக் கொய்ததைப் பரிசேயர் குற்றம் சாட்டினார்கள். அடுத்தவன் வயலில் கையால் கதிர் பறிப்பது திருட்டல்ல. அரிவாள் வைத்தால்தான் தவறு என்று உபாகமம் 23:25 சொல்கிறது. எனவே குற்றச்சாட்டு திருட்டைப் பற்றியது அல்ல, அறுவடையைப் பற்றியது. ஓய்வுநாளில் செய்யக்கூடாத 39 வகை வேலைகளை மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு பட்டியலிடுகிறது. அறுப்பதும் போரடிப்பதும் தூற்றுவதும் அதில் உண்டு. இயேசு பதிலுக்குப் பசியைக் காட்டினார். தாவீதும் அவனோடிருந்தவர்களும் பசித்தபோது, ஆசாரியர் மட்டுமே தின்னக்கூடிய தேவசமுகத்து அப்பங்களைத் தின்றதை நினைவூட்டிவிட்டு, "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்றார்.

இதை வைத்து ரபிமார் எனப்படும் யூத போதகர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்கள் என்று பிரசங்கிப்பது நம்மிடம் பழகிப்போன தவறு. உயிருக்கு ஆபத்து என்ற சந்தேகம் இருந்தாலே போதும், ஓய்வுநாள் விலகிக்கொள்ளும் என்று மிஷ்னாவின் யோமா பகுதி சொல்கிறது. "ஓய்வுநாள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டது, நீங்கள் ஓய்வுநாளிடம் ஒப்படைக்கப்படவில்லை" என்ற கருத்தும் ரபிமார் மரபில் உள்ளதுதான். கிரேக்க அரசனை எதிர்த்து யூதர்கள் கிளர்ந்தெழுந்த மக்கபேயர் காலத்தில் ஓய்வுநாளில் எதிர்த்து நிற்க மறுத்து ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டார்கள். அதன் பிறகு, தாக்கினால் திருப்பிப் போரிடலாம் என்று முடிவு செய்தார்கள். ஆகவே உயிர் காப்பதில் தகராறு இல்லை. உயிர் போகாத தேவையை என்ன செய்வது என்பதில்தான் தகராறு. ஓய்வுநாளில் இயேசு சுகமாக்கிய சூம்பின கை மறுநாள் வரை பொறுத்திருக்கும். பதினெட்டு வருஷம் கூனியாயிருந்த பெண்ணும் ஒரு நாள் பொறுத்திருப்பாள். வேலை செய்ய ஆறு நாள் உண்டே, அந்த நாட்களில் வந்து சுகமாகுங்கள் என்று லூக்கா 13இல் ஜெப ஆலயத் தலைவன் கேட்டதும் அதைத்தான். இயேசுவின் பதில்: ஓய்வுநாளில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே! ஒரு நாள் தாகத்தில் மாடு செத்துவிடாது. ஆனாலும் அவிழ்க்கிறோம், தாகம் தாகம்தான் என்பதால்.

தேவை எது, வசதி எது

ஞாயிறன்று ஒரு வேலை வந்து நிற்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். திங்கள் வரை தள்ளினால் யாருக்காவது வலியோ பசியோ நஷ்டமோ உண்டா? இதைச் செய்ய இன்னொருவரின் ஓய்வைப் பறிக்க வேண்டியிருக்கிறதா? சனிக்கிழமையே முடித்திருக்கலாமா?

முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் மற்ற இரண்டையும் பார்க்காமல் செய்துவிடுங்கள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குக் கஞ்சி, தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, டயாலிசிஸ், பக்கத்து வீட்டில் விழுந்த மரக்கிளை ஆகியவற்றுக்கெல்லாம் கூட்டம் போட்டு முடிவெடுக்கத் தேவையில்லை. மாத்திரை தீர்ந்துபோனது உங்கள் கவனக்குறைவுதான் என்றாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். மூன்றாவது கேள்வி அடுத்த சனிக்கிழமைக்குப் பாடம்; இந்த ஞாயிறுக்குத் தண்டனை அல்ல.

முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் அது பெரும்பாலும் வசதிதான். வண்டி கழுவுதல், பீரோ ஒதுக்குதல், தள்ளுபடி விற்பனை, அலுவலக மெயிலுக்கு 'சும்மா ஒரு பதில்' ஆகியவை இந்த வகை.

விவசாய வீடுகளில் இது இவ்வளவு எளிதாகப் பிரியாது. பால் கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும், மடிநோய் வரும். இருவேளையும் கறந்துதான் ஆக வேண்டும். தீவனப்புல்லைச் சனிக்கிழமையே இரண்டு நாளைக்குச் சேர்த்து அறுத்து நிழலில் பரப்பி வைக்கலாம். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். முறைப்பாசனத்தில் உங்கள் முறை ஞாயிறு இரவு வந்தால் தண்ணீர் பாய்ச்சுங்கள், அந்தத் தண்ணீர் திங்களன்று உங்களுக்கு வராது. உழவும் களையெடுப்பும் காத்திருக்கும். அறுவடைதான் சிக்கல். விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திரு என்று யாத்திராகமம் 34:21 கறாராகச் சொல்கிறது. கி.பி. 321இல் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்த கான்ஸ்டன்டைன் பேரரசரோ நகரத்தாருக்கும் நீதிபதிகளுக்கும் விடுப்பு தந்து, பருவம் தவறக்கூடாது என்று உழவருக்கு விலக்கு கொடுத்தார். எங்கள் கருத்து இது: வானம் தெளிந்திருந்தால் காத்திருங்கள். மழை இருட்டிக்கொண்டு வந்து, சாய்ந்த நெல் முளைத்துவிடும் நிலை என்றால் அறுத்துவிடுங்கள். ஆள் கூலி குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக ஞாயிறைத் தேர்ந்தெடுப்பது மட்டும் வேண்டாம்.

ஆயத்த நாள்: சமையலறைதான் களம்

மன்னா பொழிந்த கதையில் ஆறாம் நாளில் தலைக்கு இரண்டு ஓமர், அதாவது வழக்கமான அளவைப்போல் இரு மடங்கு சேர்த்தார்கள், சுட வேண்டியதைச் சுட்டு வேகவைக்க வேண்டியதை வேகவைத்தார்கள். ஓய்வுநாள் வேலையை இல்லாமல் ஆக்குவதில்லை, முன்னே நகர்த்துகிறது. அந்தச் சுமை முழுவதையும் சனிக்கிழமை ஒருவர் தலையில் ஏற்றினால் ஞாயிறன்று அவர் ஓய்வெடுக்க மாட்டார், படுத்தே கிடப்பார். எனவே வியாழனிலிருந்தே பிரியுங்கள்.

வியாழன்: மளிகை, மருந்து. வெள்ளி இரவு: இட்லி மாவு. நாலு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். நாலு பேருக்கு இரண்டு வேளைக்குத் தாராளம். கோடையில் எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். பொங்கியதும் சனி காலையிலேயே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மாலை வரை வெளியில் விட்டால் ஞாயிறு காலை புளித்த தோசைதான். தேங்காய்ச் சட்னியை முந்தின நாள் அரைத்து வைக்காதீர்கள், முதலில் கெடுவது அதுதான். இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும், அல்லது எண்ணெய் பிரிய வதக்கிய தக்காளித் தொக்கு போதும்.

பிரியாணியை என்ன செய்வது? சனி இரவுக்கு மாற்றுங்கள். யூத வீடுகளில் ஓய்வுநாளின் பெரிய விருந்து அதன் முதல் வேளையான வெள்ளி இரவில்தான். சூரியன் மறைவதற்கு வழக்கமாக 18 நிமிடம் முன்பே விளக்கேற்றி, சமையலை முடித்துவிட்டு உட்கார்வார்கள். நம் வீட்டிலும் சனி மாலை சமைத்து, குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டு, அந்தச் சாப்பாட்டோடு ஓய்வுநாள் தொடங்கினால் ஞாயிறு மதியம் பெரிய சமையல் தேவைப்படாது. மீந்த பிரியாணியை அண்டாவிலேயே மூடி வைக்காமல் அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரவு முழுக்க வெளியில் இருந்த சோறு வயிற்றைக் கெடுக்கும்; மறுநாள் சூடாக்கினாலும் சரியாகாது.

ஞாயிறு மதியம் குழம்பு வேண்டும் என்பவர்களுக்கு: புளி சேர்த்த மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆட்டுக்கறி என்றால் நாலு பேருக்கு முக்கால் கிலோவைச் சனி மாலை மசாலாவோடு வேகவைத்து, தேங்காய் சேர்க்காமல் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆழமான குக்கரில் அப்படியே விட்டால் நடுப்பகுதி நள்ளிரவு வரை வெதுவெதுப்பாகவே இருந்து புளித்துவிடும். அகலப் பாத்திரத்துக்கு மாற்றி ஆறியதும் உள்ளே வையுங்கள். ஞாயிறன்று வேண்டிய அளவு மட்டும் எடுத்து, தளதளவென்று கொதித்த பின் அரைத்த தேங்காயை ஊற்றி ஐந்து நிமிடம். சோறு மட்டும் அன்றைக்குக் குக்கரில் வைத்தால் போதும். அதையும் ஆண்கள் வைக்கலாம். மூன்று விசிலுக்கு யாரும் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டியதில்லை.

ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது என்ற யாத்திராகமம் 35:3ஐ அப்படியே எடுத்துக்கொள்ளும் குடும்பங்களுக்குப் புளியோதரை கைகொடுக்கும். இரண்டு ஆழாக்கு அரிசிக்கு எலுமிச்சை அளவு புளி, ஐந்து மேசைக்கரண்டி நல்லெண்ணெய். எண்ணெயைக் குறைத்தால் சோறு வறண்டுபோகும், சீக்கிரமும் கெடும். சோறு நன்றாக ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் குழைந்துவிடும். யூதர்கள் இதே சிக்கலுக்குக் கண்ட வழி, பயறும் பார்லியும் கறியும் உருளைக்கிழங்கும் சேர்ந்த ஒரு கூட்டு. வெள்ளி மாலையே அடுப்பில் ஏற்றி, தீயின் மேல் தகடு போட்டு மூடி, இரவெல்லாம் மெல்ல வேகவிடுவார்கள். நம் கேஸ் அடுப்பில் இதைச் செய்ய வேண்டாம். தீ அணைந்து வாயு கசிந்தால் தூக்கத்தில் யாருக்கும் தெரியாது.

பாத்திரத்துக்கு வாழையிலை. தண்ணீர்த் தொட்டியைச் சனிக்கிழமையே நிரப்புங்கள். யூனிபார்ம் இஸ்திரி, வண்டிக்குப் பெட்ரோல், வீட்டுப்பாடம் எல்லாம் சனி ஐந்து மணிக்குள். தமிழ்நாட்டில் சூரியன் மறைவது பருவத்தைப் பொறுத்து ஏறத்தாழ ஐந்தே முக்காலுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில். சனி ஆறு மணி முதல் ஞாயிறு ஆறு மணி வரை என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். ஞாயிறு இரவு திங்களுக்கான ஏற்பாட்டைக் குற்ற உணர்வில்லாமல் செய்யவும் முடியும்.

உங்களுக்காக உழைப்பவர்கள்

வீட்டில் சமைக்காமல் ஸ்விக்கியில் வரவழைத்தால் வேலை குறையவில்லை, கைமாறியது. வெயிலில் பை சுமந்து வரும் பையன் உங்கள் வாசலில் நிற்கிற அந்நியன்தான். வேறு வழியில்லாத நாளில் வாங்குங்கள், வழக்கமாக்க வேண்டாம்.

வீட்டு வேலைக்கு வருபவருக்கு வாரம் ஒரு நாள் சம்பளம் பிடிக்காத விடுப்பு கொடுங்கள். தொழிற்சாலையில் இருப்பவரை 2025 வரை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காத்தது. வார விடுமுறையை மாற்றிக் கொடுத்தாலும் முழுநாள் விடுப்பின்றித் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றது. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்குபவரை அந்தச் சட்டம் எட்டிப்பார்த்ததே இல்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறை கிடைத்ததே நாராயண் மேகாஜி லோகாண்டே தலைமையில் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 1890இல்தான். ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டுத் திங்களன்று இரண்டு நாள் பாத்திரத்தைக் குவித்து வைப்பது விடுப்பு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடை வைத்திருப்பவர்கள் ஊழியருக்கு ஆளுக்கொரு நாள் என்று சுழற்சி முறை வைப்பது நடைமுறையில் தவிர்க்க முடியாதது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 1929இல் சோவியத் அரசு வாரத்தை ஒழித்து, தொழிலாளர்களை ஐந்து பிரிவாக்கி, நாலு நாள் வேலைக்கு ஒரு நாள் ஓய்வு என்று வைத்தது. கணக்குப்படி ஓய்வு கூடியது. கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு இன்னொரு நாள் என்றானபோது வீடு வெறிச்சோடியது. 1931இலேயே திட்டத்தை மாற்றினார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பின. கணவனும் மனைவியும் உங்களிடமே வேலை பார்த்தால் இருவருக்கும் ஒரே நாளைக் கொடுங்கள். உங்களுக்கு அதனால் செலவு ஒன்றுமில்லை.

ஷிப்டில் போகும் நர்ஸ், போலீஸ்காரர், பஸ் ஓட்டுநர் ஆகியோர் ஞாயிறன்று வேலைக்குப் போவது மீறல் அல்ல. தேவாலயத்தில் ஆசாரியர்கள் ஓய்வுநாளில் வேலை செய்தும் குற்றமில்லாதிருந்தார்கள் என்று மத்தேயு 12:5 சொல்கிறது. அவர்களுக்கு வேறொரு நாளை நிலையாகக் குறித்துக்கொடுத்து, அந்த நாளில் வீட்டார் 'சும்மாதானே இருக்கிறாய்' என்று ரேஷன் கடைக்கு அனுப்பாமலிருக்க வேண்டும். போதகருக்கும் இதே விதி. ஞாயிறு அவருக்குப் பணிநாள். திங்களன்று அடக்க ஆராதனை தவிர வேறெதற்கும் அழைக்காதீர்கள்.

போன், பிள்ளைகள், தூக்கம்

போனை அணைத்துவிட்டால் அவசரத்துக்கு யாரும் பிடிக்க முடியாதே என்ற பயம் நியாயமானது. 'தொந்தரவு செய்யாதே' அமைப்பில் வயதான பெற்றோர், உடன்பிறந்தவர், பக்கத்து வீடு, மருத்துவர் எண்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, இணையத்தை நிறுத்தி, போனை ஹாலில் சார்ஜில் வையுங்கள். படுக்கையறைக்குக் கொண்டுபோனால் திட்டம் தோற்றது. சபை வாட்ஸ்அப் குழுவின் ஞாயிறு வாழ்த்துப் படங்களைத் திங்களன்று பார்த்தாலும் ஆசீர்வாதம் குறையாது.

பிள்ளைகளுக்கு 'இது கூடாது, அது கூடாது' என்று மட்டும் சொன்னால் மூன்றாவது வாரமே வெறுப்பார்கள். அன்றைக்கு மட்டும் கிடைக்கிற ஒன்றைக் கொடுங்கள்: அப்பாவோடு கேரம், பாட்டி வீடு, குளம், பிடித்த பலகாரம். ஓய்வுநாளை மனமகிழ்ச்சியின் நாள் என்று ஏசாயா சொன்னது அவர்களுக்கும் சேர்த்துத்தான். மதியம் அரை மணி, ஒரு மணி தூங்கலாம். மாலை வரை தூங்கினால் இரவு விழித்துக் கிடந்து திங்கள் காலை சிடுசிடுப்பீர்கள்.

நன்மை செய்வதற்கான இரண்டு மணி நேரம்

நோயாளியைப் பார்க்கப் போவது பழைய வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் ஏழெட்டுப் பேராகப் போய், சம்பவத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டு, காபி குடித்துவிட்டு வருவதில் நோயாளிக்கும் வீட்டாருக்கும் களைப்புதான் மிச்சம். இரண்டு பேர் போங்கள், இருபது நிமிடம் போதும், சனி இரவுச் சாப்பாட்டில் ஒரு பங்கை எடுத்துப் போங்கள். இன்னும் நல்லது: படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனிக்கிற மருமகளிடம், "நீங்க ரெண்டு மணி நேரம் போய்ப் படுங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்று சொல்வது. மாத்திரை நேரம், தண்ணீர் கொடுக்கும் விதம், புரட்டிப் படுக்கவைக்கும் பக்கம் மூன்றையும் கேட்டு எழுதிக்கொண்டு, அவரை எழுப்பாமல் உட்கார்ந்திருங்கள்.

எப்படித் தொடங்குவது

முதல் வாரமே 24 மணி நேரம் என்று இறங்காதீர்கள். சனி மாலை ஆறிலிருந்து இரவுச் சாப்பாடு முடியும் வரை போனும் வேலையும் இல்லாமல் இருந்து பாருங்கள். அடுத்த வாரம் ஞாயிறு மதியத்துக்குப் பிறகு மூன்று மணி நேரம் சேருங்கள். ஆலய வேலைகளையும் எண்ணிப் பாருங்கள்: பாடகர் பயிற்சி, ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம், கமிட்டி. ஒருவருக்கு ஞாயிறில் இரண்டுக்கு மேல் இருந்தால் ஒன்றை வாரநாள் மாலைக்கு மாற்றும்படி கேளுங்கள். கமிட்டி பட்ஜெட்டைச் செவ்வாயன்றும் பேசலாம்.

ஒரு மாதம் ஆனதும், வீட்டில் சமைப்பவரிடம் தனியாகக் கேளுங்கள்: ஞாயிறு மதியம் எத்தனை மணிக்கு உட்கார முடிந்தது? 'மூன்று மணிக்கு' என்று பதில் வந்தால், அடுத்த வாரப் பட்டியலிலிருந்து இரண்டு பதார்த்தத்தை எடுத்துவிடுங்கள்.